காற்று வருமுன் வள்ளங்கள் பார்த்த திசை

அந்த அழைப்பை அம்மாதான் எடுத்தார்கள். திரையில் என் அண்ணன் மனைவியான மைனியின் பெயர் வந்ததால், எதிர்முனையில் யார் என்று கேட்காமலே, "ஏட்டி ஷீபா, வரும்போ ஒரு தேங்கா வாங்கிட்டு வா. கொழம்புக்கு அரைக்க இல்ல" என்றார்கள். மறுபக்கம் ஓர் ஆண்குரல் பேசியது. அம்மா இன்னொரு முறை "தேங்கா" என்றார்கள். பிறகு போனை என்னிடம் நீட்டிவிட்டுச் சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்தார்கள்.

பேசியவர் அந்த வழியாகப் போன ஒருவர். இரணியலில் ரயிலைவிட்டு இறங்கி, ஸ்டேஷனில் விட்டிருந்த ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மைனி எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்திருக்கிறார்கள். ஒரு வளைவில், கல் ஏற்றிவந்த டாரஸ் லாரி. என் குரலைக் கேட்டதும், "வீட்டுல பெரியவங்க யாராவது இருந்தா குடு மக்கா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பெரியவர் அங்கேதான் இருந்தார்கள். அவர்களால் போனைப் பிடிக்க முடியவில்லை.

இப்படித்தான் எங்கள் வீட்டுக்குச் செய்தி வந்தது.

நாளை மைனியின் முப்பதாம் நாள் திருப்பலி. அது முடிந்ததும் வீட்டார் சார்பில் ஒருவர் நினைவுரை வாசிப்பது எங்கள் பங்குக் கோயிலில் வழக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் முதல் வாசகம் வாசிப்பவள் என்பதால் அந்தப் பொறுப்பை எனக்குத் தந்திருக்கிறார்கள். வாசிக்க வேண்டியதை ஜோஸ் அண்ணன் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அன்பான மனைவி, பணிவான மருமகள், இனிமையாகப் பழகியவர், கோயில் காரியங்களில் ஈடுபாடுள்ளவர். எல்லாம் உண்மை. ஆனால் மைனி காலையில் எழுந்தது முதல் எதை நினைத்துக்கொண்டிருந்தார்களோ, அது மட்டும் அதில் இல்லை. அதை எழுத வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டார்கள். "அந்தப் படிப்புதான் அவளக் கொண்டுபோச்சு. இனி இந்த வீட்டுல அந்தப் பேச்சு வேண்டாம்."

அந்தப் பேச்சு என்னையும் சேர்த்துத்தான். பத்தாம் வகுப்பு முடித்திருக்கிறேன். திங்கட்கிழமை பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கை. இயற்பியல், கணிதம் உள்ள பிரிவில் சேர்வேன் என்று மைனியிடம் சொல்லி வைத்திருந்தேன். இப்போது அம்மா நர்சிங் பிரிவு என்கிறார்கள். அப்பா ஒன்றும் சொல்வதில்லை.

எல்லோரும் தூங்கிய பிறகு இதை எழுதுகிறேன். நாளை எந்தத் தாளை வாசிக்கப் போகிறேன் என்று இந்த வரிவரைக்கும் எனக்குத் தெரியவில்லை. மைனியைத் தெரிந்தவர்களுக்கும் தெரியாதவர்களுக்கும், எனக்குத் தெரிந்த மைனியைச் சொல்லிப் பார்க்கிறேன்.

சகாய ஷீபா என்பது அவர்கள் பெயர். எங்கள் ஊர்க்காரர் இல்லை. தக்கலைக்கு மேற்கே, ரப்பர் மரங்களுக்கு நடுவே உள்ள ஊரிலிருந்து ஜோஸ் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு இந்தக் கடற்கரைக்கு வந்தார்கள். அண்ணனுக்குக் கத்தாரில் வேலை. கல்யாணம் முடிந்து மாதம் ஒன்றாவதற்குள் அண்ணன் விமானம் ஏறிவிட்டார்கள். மைனி திருவனந்தபுரத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தார்கள். வாரத்தில் சில நாள் அங்கே, மற்ற நாள் எங்கள் வீட்டில்.

வந்த புதிதில் ஒரு நாள் எல்லோரும் கட்டஞ்சாயா குடித்துக்கொண்டிருக்கும்போது அம்மா விசாரணையைத் தொடங்கினார்கள்.

"நீ எதப் பத்தி மக்கா படிக்க?"

"பிரபஞ்சம் உண்டான புதுசுல ஆக்சியான்னு ஒரு துகள் எப்படி நடந்துக்கிட்டுன்னு பாக்கேன் மாமி."

"துகள்னா, கண்ணுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"கருவி வச்சுப் பாத்தா?"

"இதுவரைக்கும் ஒருத்தர் கையிலயும் ஆம்பிடல. உண்டுமான்னே உறுதியாத் தெரியாது."

அம்மா டம்ளரைக் கீழே வைத்தார்கள். "ஆம்பிடாத ஒண்ணு புதுசுல எப்படி நடந்துக்கிட்டுன்னு இவ பாக்கா. புதுசா வந்த மருமவ எப்படி நடந்துக்கிடுவான்னு நானே இன்னும் பாத்து முடிக்கல."

அப்பாவுக்குச் சாயா மூக்கில் ஏறிவிட்டது. அன்று எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் மைனிதான்.

மரச்சீனிக் கிழங்கை எங்கள் தெருவில் எவரும் அவிக்காத பக்குவத்தில் அவிப்பார்கள். மீன்தான் அவர்களுக்குப் பிடிபடவில்லை. முதல்முறை ஒரு சட்டி சாளையை அவர்களிடம் கொடுத்தபோது, ஒவ்வொன்றாக எடுத்துத் தலையில் தண்ணீர் ஊற்றி, திருப்பி, மறுபடி ஊற்றி வைத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா வாசலில் நின்று பார்த்தார்கள். "ஏட்டி, நீ மீனக் கழுவுறியா, ஞானஸ்நானம் குடுக்கியா?"

அதன் பிறகு மீன் வெட்டுவது அம்மா. பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் ஊற்றுவதும் பேசுவதும் மைனி. அந்தப் பேச்சு வீண்பேச்சு இல்லை. அதுதான் அவர்கள் வேலை செய்யும் முறை. படித்ததையும் கணக்குப் போட்டதையும் எங்களிடம் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பார்கள். எங்களுக்குக் கற்பிக்கிறார்கள் என்று நான் முதலில் நினைத்தேன். "இல்லட்டி. ஒனக்கு விளங்கணும்னு சொல்லல. எனக்கு விளங்கியிருக்கான்னு பாக்கத்தான் சொல்லுதேன்" என்றார்கள். அம்மாவின் அரிவாள்மணைதான் அவர்களுக்கு அடையாளம். வெட்டுகிற சத்தம் ஒரே சீராகக் கேட்டால், மாமி காதில் வாங்கவில்லை என்று அர்த்தம். சத்தம் நின்றால், அந்த வாக்கியத்தில் ஏதோ இருக்கிறது. ஒன்று அது தப்பாக இருக்கும், அல்லது நன்றாக இருக்கும். இரண்டில் எது என்று அன்று ராத்திரி உட்கார்ந்து யோசிப்பார்கள்.

அப்படிக் கேட்டுக் கேட்டு என் மனதில் தங்கியதைச் சொல்கிறேன். தப்பிருந்தால் அது என் தப்பு.

வானத்தில் நாம் பார்க்கிற நட்சத்திரங்கள் எல்லாவற்றையும் சேர்த்தாலும், நட்சத்திரக் கூட்டங்களைக் கட்டிப் பிடித்து வைக்கிற எடை வருவதில்லை. பார்க்க முடியாத ஏதோ ஒன்று நிறைய இருக்கிறது. அது ஆக்சியானாக இருக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியானால் அது எப்போது, எவ்வளவு உண்டானது? அதற்கு ஆதியில் நடந்ததைப் பார்க்க வேண்டும். பிரபஞ்சம் பிறந்த கையோடு, வெளி முழுவதும், ஒவ்வொரு இடத்திலும் ஒரு கோணம் அமைந்தது. திசைகாட்டி முள் ஒன்று ஏதோ ஒரு பக்கம் பார்த்து நிற்பதுபோல. எந்தக் கோணம் என்பதற்குக் காரணம் கிடையாது. எல்லாக் கோணமும் அப்போது சமம்தான். விரிவு மிக வேகமாக இருந்ததால் அந்த முள்ளால் அசையவும் முடியாது. சேற்றில் புதைந்த துடுப்புபோல, நின்றபடியே நின்றது. பிறகு எல்லாம் ஆறத் தொடங்கியது. விரிவின் வேகமும் தணிந்தது. புரோட்டான்கள் உருவாகிற சமயத்தை ஒட்டி, எல்லாக் கோணமும் சமம் என்ற நிலை மாறி, ஒரு திசை மட்டும் பள்ளமாயிற்று. முள் அந்தப் பக்கம் திரும்பியது. திரும்பிய வேகத்தில் தாண்டிப் போய், மறுபடி வந்து, மறுபடி தாண்டி, ஆடத் தொடங்கியது. அந்த ஆட்டம்தான் ஆக்சியான்.

"ஆட்டம் எப்படி மைனி பொருளாகும்?" என்று நான் கேட்டேன்.

"ஆட்டத்துல ஆற்றல் இருக்குல்லா. வெளி முழுக்க ஒண்ணுபோல ஆடுற ஆட்டத்தத் தூரத்துல இருந்து எடை போட்டுப் பாத்தா, அசையாமக் கெடக்கிற தூசி மாதிரிதான் இருக்கும்."

அரிவாள்மணைச் சத்தம் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. மைனி முகம் வாடிவிட்டது. "பாத்தியா, இந்த எடம் சரியில்ல."

அந்த இடம் பல மாதம் சரியாகவே இல்லை. பக்கத்துப் பக்கத்து இடங்கள் வெவ்வேறு கோணத்தில் நின்றால், நடுவே எந்தப் பக்கம் பார்ப்பது என்று முடிவாகாத இடங்கள் கயிறுபோல நீளுமாம். அந்தக் கயிறுகள் அறுந்தும் ஒட்டியும் சுருங்கியும் மறையும்போது எவ்வளவு ஆக்சியானை விட்டுச்செல்லும் என்று கணினியில் கணக்கிடுவதுதான் அவர்களுடைய ஆய்வு. கணக்கு நடந்தது. ஆனால் அதைப் பிறருக்குச் சொல்லத் தொடங்குவது எங்கிருந்து என்று தெரியாமல் அலைந்தார்கள்.

அப்போதுதான் தூண்டில் வளைவு விஷயம் நடந்தது. ஊரில் உங்களில் பாதிப்பேருக்கு இது தெரியும், சிரித்தும் இருக்கிறீர்கள்.

கடலை மறித்துக் கல் போட்டுக் கட்டியிருக்கும் அந்த வளைவுக்கு உள்பக்கம், கடல் அடங்கிய மாதங்களில் வள்ளங்களை நங்கூரம் போட்டு நிறுத்தியிருப்பார்கள். ஒரு நாள் காலை மைனி தனியாகப் போய் அந்தக் கல்லின் மேல் நின்றிருக்கிறார்கள். வெயில் ஏறியும் நின்றிருக்கிறார்கள். மீன் விற்கிற ஃப்ளோரா அக்கா கூப்பிட்டிருக்கிறார்கள், மைனி திரும்பவில்லை. எங்கள் ஊரில் ஒரு மருமகள் கடலைப் பார்த்துத் தனியாக வெகுநேரம் நின்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அக்கா கூடையோடு எங்கள் வாசலுக்கு ஓடி வந்தார்கள்.

"ஏ புஷ்பம், ஒன் மருமவ தூண்டில் வளைவுல போய் நிக்கா. கூப்பிட்டா அனக்கம் இல்ல. வீட்டுல வல்ல சண்டையும் உண்டுமா?"

அம்மா கையெல்லாம் செதிலோடு, செருப்புப் போடாமல் ஓடினார்கள். பின்னால் தெருப் பெண்கள். அவர்களுக்கும் பின்னால் நான். வளைவு தொடங்கும் இடத்தில் அம்மா ஓட்டத்தை நிறுத்தி, பூனையைப் பிடிக்கப் போவதுபோலப் பையப் பைய நடந்தார்கள்.

"மக்கா ஷீபா... நான் வாய்க்கு வந்தத என்னமும் சொல்லிருப்பேன். மனசுல வச்சுக்கிடாத. மீனு கழுவத் தெரியலன்னா தெரியாண்டாம். நான் இருக்கேன்லா, நான் கழுவிக்கிடுதேன். நீ இங்கின வா."

மைனி திரும்பிப் பார்த்தார்கள். "என்ன மாமி, இவ்வளவு பேரு?"

"நீ மொதல்ல கீழ எறங்கு."

"ஒரு நிமிசம் மாமி. காத்து இப்பம் வரும். வள்ளம் எல்லாம் திரும்பும். அதப் பாத்துட்டு வாறேன்."

ஃப்ளோரா அக்காதான் முதலில் சுதாரித்தார்கள். "வள்ளமா? நான் பெறந்ததுல இருந்து அது திரும்பிட்டுத்தான கெடக்கு!"

"சவமே!" என்று அம்மா கத்தியது அடுத்த ஊருக்குக் கேட்டிருக்கும். "இதுக்கா நான் செருப்பில்லாம ஓடி வந்தேன்!" சொல்லிவிட்டு, மூச்சு வாங்கி அந்தக் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஓடி வந்த களைப்பில் மற்ற பெண்களும் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்ததால் எல்லோரும் பார்த்தார்கள்.

கரைக்காற்று ஓய்ந்து, கடல்காற்று இன்னும் தொடங்காத நேரம் அது. தண்ணீர் எண்ணெய்போலக் கிடந்தது. ஒரு வள்ளம் கரையைப் பார்த்து நின்றது. ஒன்று தெற்கே பார்த்து. ஒன்று கடலைப் பார்த்து. ஒன்றின் பேச்சை ஒன்று கேட்காத பிள்ளைகள்போல. பிறகு மேற்கேயிருந்து முதல் காற்று வந்தது. என் முடி பறந்தது. வள்ளங்கள் மெல்ல அசைந்து, ஒவ்வொன்றாக மூக்கைக் கடல் பக்கம் திருப்பின. திரும்பிய வேகத்தில் தாண்டிப் போய், திரும்பி வந்து, மறுபடி தாண்டி, பிறகு எல்லாம் ஒரே பக்கம் பார்த்து நின்றன.

அம்மா கேட்டார்கள்: "இப்பம் எல்லாம் ஒரே பக்கம் பாத்தாச்சு. மொதல்ல எது எந்தப் பக்கம் பாத்துச்சுன்னு, பொறவு வாறவனுக்கு எப்படித் தெரியும்?"

மைனி கல்லில் மண்டியிட்டு, செதில் ஒட்டியிருந்த அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்கள். "மாமி, இதத்தான் மாமி! நாலு வருசமா இதக் கேக்கத் தெரியாமத்தான் சுத்துதேன்!"

"கைய விடுட்டி, நாறும்" என்றார்கள் அம்மா.

மைனி அங்கேயே சொன்னார்கள். பிறகு வருகிறவனுக்கு அந்தத் திசை தெரியாது. ஆட்டம்தான் தெரியும். ஏற்கெனவே கடலைப் பார்த்து நின்ற வள்ளம் ஆடியதே இல்லை. கரையைப் பார்த்து நின்றது சுற்றி வர வேண்டியிருந்ததால் அதிகமாக ஆடியது. அதுபோல, ஆதியில் கோணம் எவ்வளவு விலகியிருந்ததோ அவ்வளவு ஆட்டம்; ஆட்டம் எவ்வளவோ, அவ்வளவு பொருள் இன்றைக்கு மிச்சம். நாம் பிறகு வந்தவர்கள். மிச்சத்தை எடை போட்டுத்தான் தொடக்கத்தைத் தேட முடியும். "ஆனா மாமி, இதுல ஒரு ஓட்ட உண்டு. வள்ளம் கொஞ்ச நேரத்துல ஆடி அடங்கிரும். அது அடங்காது. கொறைஞ்சு கொறைஞ்சு, இப்பவும் ஆடிட்டுத்தான் இருக்கும். இந்தா, நமக்கு நடுவுலயும்."

"எதுன்னாலும் வீட்டுல வந்து ஆடட்டும். மீன நாய் கொண்டுபோயிருக்கும்" என்று அம்மா எழுந்தார்கள்.

கொண்டுதான் போயிருந்தது. அன்று மதியம் மரச்சீனியும் மிளகாயும்.

அதன் பிறகு கொஞ்ச நாள் தெருவில் இதுதான் பேச்சு. குழாயடியில் ஒருவர், "புஷ்பத்துக்க மருமவ வள்ளம் திரும்புததுக்கு டாக்டர் பட்டம் வாங்கப் போறாளாம்" என்றாராம். அம்மா குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "ஒன் மருமவ கட்டில்ல திரும்பக்கூட மாட்டேங்கா. அவளுக்கு என்ன பட்டம் குடுக்கப் போற?" என்று கேட்டுவிட்டு வந்தார்கள். வீட்டில் வந்து மைனியிடம் இதைச் சொல்லவில்லை. என்னிடம் சொல்லி, சொல்லக்கூடாது என்றார்கள். நான் அன்றைக்கே மைனியிடம் சொல்லிவிட்டேன்.

கடைசி நாள் காலையில் மைனி சாம்பல் நிறச் சேலை கட்டியிருந்தார்கள். திருவனந்தபுரத்தில் ஒரு கருத்தரங்கு. முதல் தடவையாகப் பெரிய அவையில் பேசப் போகிறார்கள். வாசலில் ஸ்கூட்டரைத் திருப்பி நிறுத்திவிட்டு, "மாமி, சாயங்காலம் வந்து ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றார்கள்.

"இப்பமே சொல்லேன்."

"இல்ல, முடிச்சுட்டு வந்து சொன்னாத்தான் நல்லாருக்கும்."

"செரி, வந்து சொல்லு. பாத்துப் போ."

அம்மாவிடம் மைனி பேசிய கடைசிப் பேச்சு அதுதான். துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் அம்மா இதைச் சொன்னார்கள். "என்னமோ சொல்லணும்னு சொன்னாளே. என்னன்னு சொல்லாமலே போயிட்டாளே. எனக்கு இனி யாரு சொல்லுவா?" இப்போதும் அடுப்பில் நிற்கும்போது திடீரென்று, "என்னவா இருக்கும்?" என்கிறார்கள். யாரிடமும் கேட்பதில்லை. சட்டியிடம் கேட்கிறார்கள். மீன் வெட்டுகிற சத்தம் ஒரே சீராகக் கேட்கிறது; எங்குமே நிற்பதில்லை.

அது என்னவென்று எனக்குத் தெரியும்.

ஏழாம் நாள் ஜெபத்துக்கு மைனியோடு ஆய்வு செய்த தோழி அனு வந்திருந்தார்கள். மலையாளி. அடுக்களையில் என்னைத் தனியாக அழைத்து, அந்தக் கருத்தரங்கில் நடந்ததைச் சொன்னார்கள். மைனி மேடையேறிக் காட்டிய முதல் படம் எங்கள் தூண்டில் வளைவும் உள்ளே நிற்கிற வள்ளங்களும். அதற்குக் கீழே ஒரே ஒரு கேள்வி. எல்லாம் ஒரே பக்கம் திரும்பிய பிறகு, முதலில் எது எந்தப் பக்கம் பார்த்தது என்று பிறகு வருகிறவனுக்கு எப்படித் தெரியும்? மைனி அவையைப் பார்த்து, "இந்தக் கேள்வி என்னுடையது இல்லை. என் மாமியார் புஷ்பம் கேட்டது. அவர்கள் கேட்ட பிறகுதான் நான் என்ன தேடுகிறேன் என்று எனக்கே விளங்கியது" என்று தொடங்கியிருக்கிறார்கள். கூடத்தில் சிரித்தவர்களும், மைனி பேசி முடித்தபோது எழுந்து எழுந்து கேள்வி கேட்டார்களாம். "அம்மயோடு பறயணும், கேட்டோ" என்று அனு என் கையை அழுத்திச் சொன்னார்கள். அம்மாவிடம் சொல்ல வேண்டும்.

அன்று மதியம்தான் அம்மா மைனியின் கணினியையும் தாள்களையும் சாக்கில் கட்டிப் பரணில் ஏற்றச் சொன்னார்கள். அந்தப் பேச்சு வேண்டாம் என்றதும் அன்றுதான். நான் வாயை மூடிக்கொண்டேன். திட்டுக்கு மட்டும் பயந்து இல்லை. தான் கேட்ட கேள்வியைச் சொல்லத்தான் அவள் போனாள், போன இடத்திலிருந்துதான் திரும்பி வரவில்லை என்று அம்மா நினைத்துவிட்டால் என்ன செய்வது? அப்புறம் அதைத் திருப்பி எடுக்க முடியாது. சொல்லாமல் இருந்தால் ஒன்று தெரியாமல் போய்விட்டது என்ற துக்கம் மட்டும் இருக்கும். சொன்னால் எந்தத் துக்கம் வரும் என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் நான் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

இன்று காலை கூடையோடு வந்த ஃப்ளோரா அக்கா என்னைக் கூப்பிட்டார்கள். "ஏட்டி ஜெனி, ஒங்கம்ம தூண்டில் வளைவுல நிக்கா. கூப்பிட்டேன், திரும்பல." இந்த முறை அக்கா சிரிக்கவில்லை. யாரையும் கூட்டவும் இல்லை. என் காதோடு சொன்னார்கள்.

நான் ஓடினேன். அம்மா மைனி நின்ற அதே கல்லில் நின்றுகொண்டிருந்தார்கள். பையப் பைய நடந்து போய், "அம்மா, வீட்டுக்கு வாங்க" என்றேன்.

அம்மா திரும்பாமலே சொன்னார்கள்: "இரு. காத்து இன்னும் வரல."

பக்கத்தில் போய் நின்றேன். தண்ணீர் எண்ணெய்போலக் கிடந்தது. நெடுநேரம் ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு காற்று வந்தது. வள்ளங்கள் திரும்பத் தொடங்கின. அம்மா கையை நீட்டி ஒன்றைக் காட்டினார்கள், எங்கள் வள்ளம்தான்.

"அது மொதல்ல எங்க பாத்துட்டு நின்னுச்சு?"

"கரையப் பாத்து."

"அதான், நெறைய ஆடுது" என்றார்கள்.

அது அடங்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு வீட்டுக்கு வந்தோம்.

அம்மாவுக்கு அது மறக்கவில்லை. அந்தப் பேச்சு வேண்டாம் என்று சொன்னவர்கள் தனியாகப் போய் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அப்படியானால் கருத்தரங்கில் நடந்த மறுபாதியைக் கேட்க வேண்டியவரும் அவர்கள்தான். என்ன துக்கம் வந்தாலும், அது அவர்களுக்கு உரியது. நான் ஒளித்து வைத்துக்கொள்ள அது என்னுடையது இல்லை.

நாளை இந்தத் தாளை வாசிப்பேன். என் குரல் நடுங்கும். பின்வரிசையில் இருப்பவர்களுக்குக் கேட்கவில்லை என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். முன்வரிசைக்குக் கேட்டால் போதும். திங்கட்கிழமை பள்ளியில் எந்தப் பிரிவு என்று கேட்கும்போது, நான் விரும்புவதை அம்மா பக்கத்தில் நிற்கும்போதே சொல்வேன். அம்மா என்ன சொல்வார்கள் என்று தெரியாது. அண்ணன், நீங்கள் எழுதியதை வாசிக்காததற்கு மன்னியுங்கள். அதில் எதுவும் பொய் இல்லை. அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அம்மா, மைனி அன்று சாயங்காலம் வந்து சொல்ல நினைத்தது இதுதான். உங்கள் கேள்வியை உங்கள் பெயரோடு ஓர் அவையில் சொன்னார்கள். அந்தச் சந்தோஷத்தோடு அவர்கள் ரயில் ஏறினார்கள்.

மைனி, வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் வழியில் நின்றுபோன உங்கள் சொல்லை, கொண்டுவந்து சேர்த்துவிட்டேன். கடல் பக்கம் காற்று எழும் நேரத்தில் உங்களை நினைத்துக்கொள்கிறோம். நிம்மதியாகப் போய் வாருங்கள்.